உயரத்திலிருந்து படமெடுக்க மலிவான வழி எது? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

குடும்ப ஒன்றுகூடலோ கடற்கரை உலாவோ, மேலிருந்து ஒரு படம் எடுத்தால் நல்லா இருக்குமே என்று பலருக்கும் தோன்றும். கேமராவுடன் கூடிய ஆளில்லா வானூர்தி இப்போது சில நூறு வெள்ளிக்கே கிடைக்கிறது.

வாங்கிட்டா போதுமா? சிங்கப்பூரில் போதாது. அதன் எடை, பறக்கவிடும் இடம், படத்துக்குக் காசு வாங்குகிறீர்களா என்பது - இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று சொல்லமுடியும்.

கடைகளில் ஏன் எங்கும் '249 கிராம்'?

250 கிராமுக்கு மேல் எடையுள்ள வானூர்திகளைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்யவேண்டும். 2020ஆம் ஆண்டிலிருந்து இது கட்டாயம். பதிவு செய்பவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்கவேண்டும். பதியாமல் பறக்கவிட்டுக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

2025 டிசம்பர் 1 முதல் அந்த எடையைத் தாண்டியவை, பறக்கும்போது தங்கள் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கும் வசதியையும் கொண்டிருக்கவேண்டும்.

அதனால்தான் டிஜேஐ மினி 4கே, மினி 3 போன்றவை 249 கிராமுக்குள் நிற்கின்றன. அதே நிறுவனத்தின் நியோ 135 கிராம்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். கணக்கில் வருவது மொத்த எடை. மினி 3-இல் நீண்ட நேரம் தாங்கும் 'பிளஸ்' மின்கலத்தைப் போட்டால் எடை சுமார் 290 கிராமாகிவிடும். மின்கலத்தை மாற்றியதும் பதிவும் கட்டாயமாகிவிடுகிறது!

எதை வாங்கலாம்? நியோ ஏறத்தாழ 18 நிமிடம் பறக்கும். பிள்ளைகளோடு விளையாட்டாகப் படமெடுக்கச் சரி, கடற்கரைக் காற்றுக்கு அவ்வளவு பொருந்தாது. மினி 4கே காகிதத்தில் 31 நிமிடம். திரும்பி வருவதற்கான மின்சாரத்தைக் கழித்தால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். மினி 3-இன் உணரி பெரியது. அந்திப் பொழுதில் எடுக்கும் படங்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பகலில் மட்டும் எடுப்பவர் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தக் காசில் இன்னொரு மின்கலம் வாங்கலாம்.

எங்கே பறக்கவிடலாம்?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். விமான நிலையம், ஆகாயப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடாது. 249 கிராம் என்றாலும் விதிவிலக்கு இல்லை.

வரைபடத்தைப் பாருங்கள். பாய லேபார் தளத்தைச் சுற்றி ஹவ்காங், சிராங்கூன், தெம்பனிஸ். செம்பவாங் தளத்தை ஒட்டி ஈசூன், உட்லண்ட்ஸ். தெங்கா பக்கம் சுவா சூ காங். உங்கள் புளோக்கின் கீழே உள்ள திடலே தடைசெய்யப்பட்ட பகுதியாக இருக்கலாம். வாங்கும் முன் ஒன்மேப் இணையத்தளத்தில் உங்கள் வட்டாரத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது.

உயர வரம்பு, கடல் மட்டத்திலிருந்து 200 அடி. அதாவது சுமார் 61 மீட்டர், கிட்டத்தட்ட 20 மாடி. நிற்கும் தரையிலிருந்து அளக்கக்கூடாது. புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர் என்பதால் அங்கு நின்றால் ஏற்கெனவே வரம்புக்கு மேல் இருக்கிறீர்கள்.

காசு வாங்கினால்?

தெரிந்தவரின் விருந்துக்கு 100 வெள்ளி வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது பொழுதுபோக்கு ஆகாது. வெளிப்புறத்தில் அப்படிப் பறக்கவிட இயக்குநர் அனுமதி, நடவடிக்கை அனுமதி இரண்டும் வேண்டும். எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. வீட்டிலிருந்து சிறு தொழில் செய்பவர்கள் அனுமதி வைத்திருப்பவரையே அமர்த்திக்கொள்ளலாம். எப்போதாவது ஒரு வேலை என்றால் அதுவே சிக்கனம்.

பறக்காமலும் எடுக்கலாம்

செல்ஃபி கம்பின் அண்ணன் என்று சொல்லக்கூடிய நீளும் கம்பங்கள் உள்ளன. 6 மீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டு மாடி உயரம். கைத்தொலைபேசியைப் பொருத்தி புளூடூத் விசையால் படமெடுக்கலாம். குழுப் படம், கடை முகப்பு, கோயில் வளாகத்தில் திரளும் கூட்டம் - இவற்றுக்கு அந்த உயரமே தாராளம். கூட்டத்தில் யாராவது ஒருவர் கம்பத்தின் அடியைப் பிடித்துக்கொள்ளட்டும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நகரக் காட்சிதான் வேண்டும் என்றால் பினக்கல்@டக்ஸ்டனின் 50ஆவது மாடிப் பாலம் இருக்கிறது. சிறு கட்டணம், வானூர்திக்கு அனுமதிக்கப்பட்ட உயரத்தைவிட அது மிகவும் மேலே!

பட்டம்? 1888-லேயே பிரான்ஸில் ஆர்தர் பட்டு பட்டத்தில் கேமராவைக் கட்டிப் படமெடுத்தார். இன்று சிறிய கேமரா ஒன்றை நூலில் தொங்கவிட்டு அதையே செய்யலாம். செலவு குறைவு, பொறுமை அதிகம் தேவை. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று இதற்கு ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் காற்று அடிக்கடி அடங்கிவிடும், பிற்பகலில் இடிமழையும் வரும். ஹீலியம் பலூனும் உண்டு. ஒரு கன மீட்டர் வாயு தூக்குவது சுமார் ஒரு கிலோகிராம்தான், ஒவ்வொரு முறையும் வாயுவுக்குச் செலவு செய்யவேண்டும்.

பட்டம்தானே என்று அலட்சியம் வேண்டாம். 200 அடி வரம்பும் 5 கிலோமீட்டர் விதியும் பட்டத்துக்கும் பொருந்தும். நூலில் 10 மீட்டருக்கு ஒரு வண்ண முடிச்சு போட்டு வைத்துக்கொண்டால் எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று கீழே நின்றே எண்ணிப் பார்த்துவிடலாம்.