பழைய பெட்டி, புதிய டிஸ்க்: நடுவில் ஒரு வரலாறு

மைசூரில் இருக்கும் நம்மூர்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குள் தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள், பிள்ளையின் முதல் பிறந்தநாள் வீடியோ. இப்போது கடையில் கிடைக்கும் 2 டெராபைட் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகினால் வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யும். ஏன் செய்கிறது என்பதுதான் சுவாரசியமான கதை. நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி உத்தியோகம். ஆகவே கணக்குப்பிள்ளை பாஷையிலேயே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வாய் இருந்தது. பிரிண்டருக்கு அகலமாக ஒன்று, மோடத்துக்கு வேறொன்று, கீபோர்டுக்கு வட்டமாக ஒன்று. ஹார்ட் டிஸ்க் சேர்க்கவேண்டுமென்றால் திருப்புளியோடு உட்காரவேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உள்ளிட்ட 7 நிறுவனங்கள் கூடின. இன்டெல் குழுவில் முன்னின்றவர் அஜய் பட், நம் நாட்டுக்காரர், வடோதராவில் படித்தவர். 1996 ஜனவரியில் யூஎஸ்பி 1.0 வந்தது. 1998இல் 1.1, 2000இல் 2.0, 2008இல் 3.0.

வங்கியில் பழைய லெட்ஜரின் இறுதி இருப்புதான் புதிய லெட்ஜரின் ஆரம்ப இருப்பு. அதை விட்டுவிட்டுப் புதுக்கணக்கு எழுத முடியாது. யூஎஸ்பி செய்ததும் அதுவே. 3.0 செருகியில் பழைய 4 தகடுகளும் அதே இடத்தில் இருக்கின்றன. புதிதாக வந்த 5 தகடுகள் அவற்றுக்குப் பின்னால் தனி வரிசையில் நிற்கின்றன. பழைய வாயில் செருகினால் அந்த 4 மட்டும் தொடும். டிஸ்க் நிலைமையைப் புரிந்துகொண்டு பழைய வேகத்துக்கு இறங்கிவரும்.

ஆனால் இந்த மரியாதைக்கும் எல்லை உண்டு. மூன்று இடங்களில் இடிக்கும்.

முதலாவது, வேகம். யூஎஸ்பி 1.1 வாய் என்றால் நொடிக்குச் சுமார் 1 மெகாபைட்தான். 10 ஜிபி படம் நகர ஏறக்குறைய 3 மணி நேரம். 2.0 என்றால் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவது, மின்சாரம். 2.0 வாய் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. டிஸ்க் 'டிக் டிக்' என்று முனகிவிட்டு நின்றால் பசி என்று அர்த்தம். பெட்டியின் பின்பக்க வாயில் செருகிப் பாருங்கள். அல்லது தனி அடாப்டர் உள்ள டிஸ்க் வாங்குங்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை. எம்பிஆர் என்ற பழைய முறையில் டிஸ்க்கின் கட்டங்களுக்கு ஏறக்குறைய 429 கோடி எண்கள்தான் உண்டு. கட்டத்துக்கு 512 பைட். பெருக்கினால் சுமார் 2.2 டெராபைட். அதற்குமேல் லெட்ஜரில் பக்கம் இல்லை! ஜிபிடி என்ற புதிய முறை இதைத் தாண்டும். ஆனால் சாதாரண 32 பிட் எக்ஸ்பிக்கு அது புரியாது. எனவே 2 டெராபைட்டுக்கு மேல் போகவேண்டாம். புது டிஸ்க்கை வேறொரு புதிய கம்ப்யூட்டரில் எம்பிஆர், என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துகொண்டு போங்கள். (அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலி டிஸ்க்கில் மட்டும் செய்யவும்.) ஃபேட்32 வேண்டாம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, இதே மைசூரில் ஒரு பதில் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியிலிருந்து இங்கே வந்தது. ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1886இல் அரசின் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற காலம்தொட்டு ஊர் ஊராகப் போய் எடுத்த மைப்படிகள் இங்கே சேர்ந்தன. கல்லின்மேல் ஈரக் காகிதத்தை வைத்துத் தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பதுதான் மைப்படி. நம் சோழர் கால ஊர்க் கணக்குகள் இப்படித்தான் மைசூருக்குக் குடிவந்தன, நம்மைப் போலவே. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் நினைவிருக்கும்.

அந்தக் கற்கள் எல்லாம் இன்று இல்லை. சில உடைந்தன, சில திருப்பணியில் காணாமல் போயின. அவற்றுக்கு மிச்சம் அந்தக் காகிதம் மட்டுமே. கல்லே நிரந்தரம் இல்லை என்றால், பரணில் தூசி படியும் பெட்டி எம்மாத்திரம்?

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. டைப்-சி வாய் மட்டுமே உள்ள கருவிகள் பெருகிவிட்டன. அதற்குப் பழைய வாய்க்குப் பொருந்தும் கேபிள் இன்றைக்குக் கடையில் கிடைக்கிறது. பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே படி எடுத்துவிடுங்கள். எடுத்ததும் நாலு படத்தையாவது திறந்து பாருங்கள். சரிபார்க்காத கணக்கு கணக்கே இல்லை. பிறகு இன்னொரு நகல் எடுத்து, ஊரில் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.