ஏர்வாடியில் ஓட முடியாமல் போனவர்கள்

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். நம் வயதுக்காரர்கள் அந்தச் செய்தியை மறந்திருக்க மாட்டார்கள். இறந்தவர்கள் நடக்க முடியாத நோயாளிகள் அல்ல. கை கால் நன்றாக இருந்தவர்கள். ஓடிப்போய்விடக் கூடாது என்று சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள்.

ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்துப்போய்த் தங்கவைப்பது பழைய வழக்கம். மாதக்கணக்கில் தங்க வேண்டி வந்ததால் சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்தன. மகனையோ தம்பியையோ அங்கே விட்டுவிட்டுப் பணம் அனுப்பிய குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குத் தமிழ்நாடு முழுமைக்கும் அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் ஒன்றுதான்.

பிரெஞ்சுவழியில் படித்தவன் நான். பினேல் என்ற மருத்துவர் மனநோயாளிகளின் சங்கிலியை அவிழ்த்ததாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாரிஸ் பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் உண்மையில் அவிழ்த்தவர் புசேன். முன்பு அங்கேயே நோயாளியாக இருந்து, பிறகு கண்காணிப்பாளர் ஆனவர். பேர் மட்டும் பெரிய டாக்டருக்குப் போய்விட்டது. (ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.) அதற்கு இருநூறு வருஷம் கழித்து ஏர்வாடி.

தீ விபத்துக்குப் பிறகு அந்தக் காப்பகங்களை ஒரே வாரத்தில் மூடினார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது.

சங்கிலி போனாலும், கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பவர் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஏஎம்ஆர்ஐ தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. நோயாளிகளில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, மேலே ஏறிய புகை. ஜன்னல்கள் திறக்க முடியாத கண்ணாடி. இறந்தவர்கள் சுமார் 90 பேர். பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்கள்தான் முதலில் ஓடிவந்து பலரைத் தூக்கி இறக்கினார்கள். 2024 டிசம்பர் 12இல் நம் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் 6 பேர் இறந்தார்கள். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள் அவர்கள். தீப்பிடித்தால் லிப்டில் ஏறக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். நடக்க முடியாதவரை வைத்துக்கொண்டு வேறெப்படி இறங்குவது என்றுதான் தெரியாது.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் வழி வேறு. உடனே மாடிப்படிக்கு ஓட வேண்டாம். முதலில் அதே மாடியில், புகை தடுக்கும் கதவுக்கு அப்பால் உள்ள அடுத்த பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்க ஆள் இல்லாவிட்டால், படுத்த மெத்தையோடு அல்லது போர்வையோடு தரையில் இழுக்கலாம். அப்புறம் நேரம் கிடைத்தால் கீழே. இதற்கு அந்தக் கதவு இருக்க வேண்டும். வழியில் பழைய கட்டில்களை அடுக்கி வைத்திருக்கக் கூடாது.

நம் கல்வராயன் மலையில் சாலை எட்டாத ஊர்க்காரர்களுக்கு ஆள் சுமப்பது புதிதல்ல. மூங்கிலில் துணி கட்டி டோலியாக இறக்குவார்கள். ஒரு நோயாளிக்கு எத்தனை தோள் வேண்டும், எங்கே தோள் மாற்ற வேண்டும் என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொள்வார்கள். சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் தெருமுனை நர்சிங் ஹோம் ஆனாலும், இனி யாரையாவது பார்க்கப் போனால் நான் கேட்கப்போவது அதைத்தான்: இந்த வார்டில் எழ முடியாதவர் எத்தனை பேர், ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர்?