குப்புறப் படுத்த ஐந்து நிமிடம்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் அரிசியும் இறங்கும் நேரத்தில் போனால், சுமட்டுக்காரர்கள் வாயில் அடிக்கடி ஒரு சொல் கேட்கும்: "நடு போயி." மலையாளத்தில் நடு என்றால் இடுப்பு. இடுப்பில் பிடித்த வலி பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்பக்கமாக ஓடி, கெண்டைக்காலைக் குடைந்து, பாதம்வரை மின்சாரம்போல் சுண்டினால் அதைத்தான் டாக்டர்கள் சயாட்டிகா என்கிறார்கள். நடக்கும் நடையைப் பார்த்துக் கழுகின் பெயரால் 'கிருத்ரசி' என்று வைத்தது ஆயுர்வேதம்.

அந்தப் பக்கத்துப் பிசியோதெரபி அறை ஒன்றில், ஐம்பது வயது மதிக்கத்தக்க சுமட்டுக்காரர் ஒருவரைப் பார்த்தேன். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பு கட்டிலோடு ஒட்டியிருக்க, இரு கைகளையும் ஊன்றி நெஞ்சை மட்டும் மெல்ல எழுப்பினார், இறக்கினார். பத்தாவது தடவை முகம் சுளித்தது. "கால்ல இப்ப இல்ல. ஆனா நடுவுல கூடிப்போச்சு" என்றார் பயத்தோடு. பக்கத்தில் நின்ற பிசியோதெரபிஸ்ட் பெண்ணின் முகமோ மலர்ந்தது. "அது நல்லதுக்குத்தான் சேட்டா. வலி மேலே ஏறி வரட்டும்."

இடுப்பு வலி கூடியதற்கு ஏன் சந்தோஷப்பட வேண்டும்? அதற்கான பதில் 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் பிறந்தது.

காலில் ஓடும் இந்த வலி நரம்பிலிருந்து வருவது என்று நேப்பிள்ஸ் மருத்துவர் டொமினிகோ கொட்டுனோ 1764இலேயே எழுதிவிட்டார். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது என்பதை பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் தெளிவாகக் காட்டினார்கள். சரி, என்ன பயிற்சி கொடுப்பது? அமெரிக்காவில் பால் வில்லியம்ஸ் 1937இல் சொன்னது முன்பக்கம் குனியும் பயிற்சி. முதுகைப் பின்னால் வளைப்பது ஆபத்து என்றே பலரும் நம்பினார்கள்.

1956இல் வெலிங்டனில் பிசியோதெரபிஸ்டாக வைத்தியம் பார்த்துவந்தவர் ராபின் மெக்கென்சி. வயது இருபத்தைந்து. அவரிடம் வந்தவரை ஸ்மித் என்றே பின்னாளில் குறிப்பிடுகிறார். வலப்பக்க இடுப்பிலிருந்து முழங்கால்வரை வலி. சூடு கொடுத்தார், அல்ட்ராசவுண்டு கொடுத்தார், பலனில்லை. ஒருநாள் "உள்ளே போய்க் குப்புறப் படுங்கள்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒருபக்கம் தூக்கிவைக்கப்பட்டிருந்தது, யாரும் இறக்கவில்லை. ஸ்மித் அதிலேயே, முதுகு பின்னால் வளைந்தபடி படுத்துவிட்டார்.

சுமார் ஐந்து நிமிடம் கழித்து உள்ளே வந்த மெக்கென்சி பதறிப்போனார். படித்த படிப்பின்படி அது செய்யவே கூடாத நிலை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். மூன்று வாரத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததில்லை, கால் வலி போய்விட்டது, இடுப்பு வலியும் முதுகின் நடுவுக்கு வந்துவிட்டது என்றார் ஸ்மித். மறுநாளும் அப்படியே படுக்கவைத்தார். எஞ்சிய வலியும் விலகியது.

மெக்கென்சியின் பெருமை அதற்குப் பிறகுதான் இருக்கிறது என்பேன். தற்செயல் என்று அவர் ஒதுக்கவில்லை. வருகிறவர்களையெல்லாம் பலவிதமாக வளையவைத்து, எந்த அசைவில் வலி காலைவிட்டு மேலே ஏறுகிறது என்று வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். வலி காலிலிருந்து பின்வாங்கி முதுகின் நடுவில் ஒடுங்கினால், இடுப்பில் கொஞ்ச நேரம் கூடினாலும், குணமாகும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார். பின்வந்த ஆய்வுகளும் அதை ஆதரிக்கின்றன. ஆனால் வட்டின் உள்ளே என்ன நகர்கிறது என்ற அவருடைய விளக்கத்தில் இன்றும் விவாதம் உண்டு. முதுகைத் தானே கவனித்துக்கொள்ளும் முறையை 1980இல் சாதாரண மக்களுக்கான சிறு புத்தகமாகவும், மறு வருடம் மருத்துவர்களுக்கான நூலாகவும் எழுதினார். 2013இல் காலமானார்.

மட்டாஞ்சேரிக் கட்டிலில் நான் பார்த்தது அந்த ஐந்து நிமிடத்தின் வாரிசு. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடி சும்மாட்டை எடுக்கும் மனிதருக்கு, காசு செலவில்லாமல் வீட்டுத் தரையிலேயே செய்ய ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் முதுகின் சுமை குறையாமல் பயிற்சி மட்டும் எவ்வளவு தாங்கும்? ஓர் ஆண் சுமக்கலாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்த உச்சம் 55 கிலோ. அதைக் கேட்டு வாங்க வேண்டியது தொழிற்சங்கத்தின் வேலை.

உங்களுக்கும் இந்த வலி இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள். எல்லா முதுகுக்கும் பின்னால் வளைவது ஒத்துவராது. தண்டுவடப் பாதை சுருங்கிய வயதானவர்களுக்குக் குனிந்தால்தான் சுகம். பயிற்சி செய்யும்போது வலி பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ பயிற்சி செய்துகொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.