தறிக்குழியும் தோப்புக்கரணமும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் குடியிருப்புகளில் பட்டுச் சேலை நெடுங்காலமாகக் குழித்தறியில், அதாவது தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்து நெய்யும் தறியில், உருவாகி வந்துள்ளது. நெசவாளர் மிதிகளை மாறி மாறி அழுத்த, பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து ஊடைக்கு வழிவிடுகின்றன. முழங்கால் நாளெல்லாம் அசைந்தாலும் உடலின் எடையை அது தாங்குவதில்லை. அவ்வாறு உட்கார்ந்தே உழைத்த கால்களுக்கு எழுந்து நின்று சமநிலை காக்கும் பழக்கத்தை, அந்நோக்கில் ஏற்படாவிட்டாலும், ஊரின் வழிபாடே தந்தது எனலாம்.

8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலில், கருவறையைச் சுற்றும் குறுகிய வழிக்குள் தவழ்ந்தே நுழைய வேண்டும். வரதராசப் பெருமாளைக் காண, அவர் சன்னதி அமைந்த அத்திகிரி என்னும் மேட்டின் 24 படிகளை ஏற வேண்டும். இவற்றினும் எளியது பிள்ளையார் முன் இடும் தோப்புக்கரணம். கைகளைக் குறுக்காக மாற்றிக் காதுகளைப் பிடித்து, முழங்காலை மடக்கி அமர்ந்தெழும் இச்செயலின் பெயர், கைகளால் காதைப் பிடித்தலைக் குறிக்கும் வடமொழித் தொடர் ஒன்றின் திரிபு என்பர். இளையோர் குதிகாலைத் தொடுமளவு தாழ்வர். முதியோரோ சற்றே மடங்கி நிமிர்வதோடு நிறுத்திக்கொள்வர்.

அந்த அரை மடிப்பைக் குறைவான பக்தியாகக் கருதுவது பிழை. 1990களில் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில், முதியோர் தவறி விழுவதைக் குறைக்க வகுக்கப்பட்ட வீட்டுப் பயிற்சியிலும், முழங்காலைச் சிறிதளவு மடக்கி நிமிர்தல், நாற்காலியிலிருந்து எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவை இடம்பெற்றன; தொடக்கத்தில் பிடிமானமாக மேசை விளிம்பு போன்ற அசையாத ஒன்று அருகிருக்க வேண்டும் என்பது அதன் விதி, கோயிலிலோ அதற்குக் கல்தூண் உண்டு.