அஞ்சுநாட்டுக் கல்திட்டைகள்: உரிமை கோர ஆளில்லாத முன்னோர்

இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், மறையூரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைகளின்மேல் நிற்கும் கல்திட்டைகளுக்கு அவ்வூர் மக்கள் இட்ட பெயர் முனியறை. முனிவர்கள் தவமிருந்த அறை என்பது அதற்கு அவர்கள் தரும் பொருள். பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த ஊராதலால் மறையூர் என்று ஊர்ப்பெயருக்கும் ஒரு விளக்கம் உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே பொருள்படும் விளக்கம் என்பதால் அதற்கு ஆயுள் கெட்டி. சுற்றுலாத் துண்டறிக்கைகளோ இன்னும் ஒருபடி மேலே சென்று, இவற்றைப் பத்தாயிரம் ஆண்டுப் பழமையான கற்கால மனிதரின் வீடுகளாக்கிவிட்டன. முதலிரண்டும் மக்கள் மரபு. அவற்றோடு எனக்குப் பிணக்கில்லை. மூன்றாவது வெறும் தவறு. அதை மறுக்க வேண்டிய தேவை இருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் இறங்கினால் மறையூர். மூணாற்றில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை ஆனைமுடிக்கு அப்பால் இளைத்துவிடுகிறது. சின்னாற்றை அடையும்போது முட்செடியும் கள்ளியும்தான். இந்த மழைமறைவு நிலத்தில்தான் கேரளத்தின் இயற்கையான சந்தனக் காடு இருக்கிறது. இங்கே ஓடும் பாம்பாறு கேரளத்தின் மற்ற ஆறுகளைப் போல மேற்கே திரும்பாமல் கிழக்கே இறங்கி அமராவதியாகிக் கரூரருகே காவிரியில் கலக்கிறது. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றே கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாய்பவை. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டிஎம்சியில் பாம்பாற்றின் பங்கு 3 டிஎம்சி. சங்க நூல்கள் கூறும் ஆன்பொருநை அமராவதியே என்பது பெருவழக்கான கருத்து. சேரர் கல்வெட்டுள்ள புகளூர் ஆறுநாட்டார் மலையும் கரூருக்கு அருகில்தான் இருக்கிறது. ஆகவே நீரின் போக்கை வைத்து வரலாறு எழுதினால், மறையூர் கொங்கு நாட்டின் தலைமாடு. மேற்குக் கடற்கரைக்கும் கொங்குக்கும் இடையிலான பெருவழி பாலக்காட்டுக் கணவாய் என்பதை வெள்ளலூர், எய்யால் ஆகிய இடங்களில் கிடைத்த உரோமானியக் காசுகள் சொல்கின்றன. அதற்குத் தெற்கே மலையை ஊடறுத்த சிறு தடங்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

மறையூர், காரையூர், காந்தளூர், கீழாந்தூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களும் சேர்ந்ததே அஞ்சுநாடு. (காந்தளூர் என்றவுடன் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுவே என்று இணையத்தில் ஆண்டுக்கொருமுறை யாராவது எழுதிவிடுகிறார்கள். அச்சாலையைத் திருவனந்தபுரப் பகுதியில் வைத்துப் பார்ப்பதே ஆய்வாளரிடையே வலுவான கருத்து. பெயர் ஒன்றாயிருப்பது சான்றாகாது.)

இனிக் கற்களுக்கு வருவோம். மறையூரை அடுத்த கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. அங்கிருந்து பாறை மேல் ஏறினால் கல்திட்டைகள் தென்படத் தொடங்கும். மூன்று பக்கமும் நிறுத்திய பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கம் திறப்பு. சிலவற்றில் ஓராள் குனிந்து நுழையலாம்; சிலவற்றில் ஒரு பிள்ளை உட்காரவும் இடம் போதாது. தொல்லியலார் தரைக்குமேல் நிற்பதைக் கல்திட்டை என்றும், தரைக்குள் புதைந்ததைக் கல்பதுக்கை என்றும் பிரித்து வழங்குவர். மண்ணே இல்லாத பாறையில் பதுக்கைக்கு வழியில்லை. ஆகவே இங்கே திட்டைகள் மிகுதி. பாறையைத் தேர்ந்ததற்கும் காரணம் கண்முன்னே கிடக்கிறது. இம்மலைகளின் பாறை வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, வெங்காயத் தோல் உரிவதுபோல் படலம் படலமாகக் கழன்று வருவது. கட்டியவர்களுக்குப் பலகைக்கல் காலடியிலேயே இருந்தது. நெம்பி எடுத்து நிறுத்துவதே வேலை. அந்த வேலையும் ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமன்று. ஒரு மூடுகல்லைத் தூக்கி ஏற்ற ஊர் கூடவேண்டும், கூடியவர்களுக்குச் சோறு வேண்டும், கூட்டிவைக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கவேண்டும். கல்திட்டை நமக்குச் சொல்லும் முதற்செய்தி இறந்தவரைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தவர்களின் சமூக அமைப்பைப் பற்றியதாகவே தோன்றுகிறது.

காலத்தைப் பற்றிய கேள்வி கடினமானது. வெட்டவெளிப் பாறையில் மண்ணடுக்கு இல்லை. எலும்பும் பானையோடும் இருந்திருந்தால் மழை கழுவியிருக்கும், புதையல் தேடியவர் கிளறியிருப்பர். உள்ளே ஒன்றும் இல்லாததைக் காட்டி, இவை ஈமச்சின்னங்களே அல்ல, தவச்சாலைகளே என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் அண்டை மலைகளையும் பார்க்கவேண்டும். பழனி மலையின் கல்திட்டைகளை ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இருவர் ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் தன் நினைவேட்டு வரிசையில் வெளியிட்டது. பின்னர் தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. இராஜன் அகழாய்வு செய்தார். அவரே 2009, 2010ஆம் ஆண்டுகளில் பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்துப் பொருந்தலில் அகழ்ந்தபோது, ஒரு கல்லறையில் நான்கு கால் சாடியொன்றில் இரண்டு கிலோ அளவுக்கு நெல் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கரிமப் பகுப்பாய்வு காட்டியது. அதே கல்லறையில் தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் இருந்தது. இறந்தவருக்கு நெல் வைத்த அந்தச் சமூகம் இரும்பை அறிந்தது, உழவை அறிந்தது, எழுத்தையும் அறிந்தது. மறையூர்த் திட்டைகளும் இந்தப் பெரிய இரும்புக்கால மரபைச் சேர்ந்தவை என்றே கொள்ளவேண்டும். பத்தாயிரம் ஆண்டு என்று சொல்வதால் அவற்றின் பெருமை கூடிவிடாது. உருவாக்கியவர்களின் அறிவைப் பறித்து அவர்களைக் குகைமனிதராக்குவதே நடக்கும்.

நீத்தாரை எரிப்பதும், வெளியில் இடுவதும், குழியில் புதைப்பதும், தாழ்ந்த அறைகளில் வைத்து அடைப்பதும், தாழியில் கவிப்பதுமாக ஐவகை வழக்கங்களை மணிமேகலை குறிப்பிடுகிறது. ஒரே காலத்தில், ஒரே நிலத்தில் பல முறைகள் அருகருகே வழங்கின என்பது அதன் பொருள். ஆகவே திட்டை கட்டியவர் ஓர் இனம், தாழி புதைத்தவர் வேறோர் இனம் என்று கோடு கிழிப்பதற்கு ஆதாரம் போதாது.

கல்லின் வடிவத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு உலகமே சான்று. ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவில், ஆன்டெகெரா என்ற ஊரருகே மெங்கா என்னும் மாபெரும் கல்திட்டை இருக்கிறது. அதன் மூடுகற்களில் ஒன்றே ஏறத்தாழ 150 டன். யுனெஸ்கோ 2016இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அது கி.மு. நான்காம் ஆயிரமாண்டைச் சேர்ந்தது. இரும்பைக் காணாத மக்கள் எழுப்பியது. மறையூருக்கும் அதற்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் சிலர், இங்குள்ள கற்களைக் கண்டவுடன் கெல்டியரையும் சிதியரையும் இந்தியாவுக்குக் குடியேற்றிவிட்டனர். நிறுத்திய கல்லின்மேல் கிடைக்கல் வைப்பது எந்த மனிதக் கூட்டத்துக்கும் தானே தோன்றக்கூடிய உத்தி என்பது அவர்களுக்கு எட்டவில்லை. ஒப்புமை வேறோரிடத்தில் இருக்கிறது. ஜெர்மானியக் குடியானவர் இத்தகைய கற்களை அரக்கரின் கல்லறை என்றனர். பிரெஞ்சுக்காரர் தேவதைகளின் பாறை என்றனர். நாம் பாண்டவர் குழி, வாலியர் வீடு, முனியறை என்கிறோம். மலபாரில் இத்தகைய கல்லறைகளைத் திறந்து பார்த்த பாபிங்டன் 1823இல் அச்சான தம் கட்டுரையின் தலைப்பிலேயே பாண்டு குழி என்ற சொல்லை ஆண்டார். கட்டியவரை மறந்த மக்கள் எல்லா நாட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் மறந்தது யார்? இந்தக் கேள்விதான் என்னை நெடுநாளாக அலைக்கழிப்பது. அஞ்சுநாட்டு வேளாளர், மதுரையில் நேர்ந்த அரசியல் குழப்பத்தின்போது தம் முன்னோர் மலையேறி வந்ததாகச் சொல்வர். மலைமேல் வாழும் முதுவரும், மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து வந்தவர் தாம் என்பர். இந்நிலத்தின்மேல் ஆட்சியுரிமை கொண்டாடிய பூஞ்சாற்று அரச குடும்பமும் தன்னைப் பாண்டியர் வழி என்றே கூறிக்கொள்கிறது. மூன்று மரபுகளும் வரலாற்றில் எந்த அளவு நிற்கும் என்பது தனி ஆய்வுக்குரியது. ஒன்று மட்டும் தெளிவு: இங்கு வாழும் ஒவ்வொருவரும், தாம் வேறிடத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய வாய்மொழியின்படியே, அவர்கள் வந்தபோது இந்தக் கற்கள் இங்கே நின்றன. எனவே இவை எவருடைய முன்னோரும் அல்ல. நடுகல்லுக்கு ஆண்டுக்கொரு படையலாவது கிடைக்கிறது. முனியறைக்கு அதுவும் இல்லை.

காகிதத்தில் வந்த உடைமையாளர்களுக்கும் இக்கற்களில் அக்கறை இருந்ததில்லை. 1877 சூலை 11 அன்று பூஞ்சாற்று அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் காப்பித்தோட்டம் போட மலையை எழுதிக்கொடுத்தார். ஆவணத்தில் அந்நிலத்தின் பெயர் கண்ணன் தேவன் அஞ்சநாட்டு மலை. தேயிலைப் பொட்டலத்தில் கண்ணன் தேவன் நிலைத்துவிட்டார், அஞ்சுநாடு உதிர்ந்துபோயிற்று. பின்னர் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக்கோரி நடந்த போராட்டத்தையும், 1956 நவம்பர் 1 அன்று அவை கேரளத்திலேயே நின்றதையும் நாம் அறிவோம். அந்தக் கோடு மக்களின் மொழியைவிடத் தொல்லியலைத்தான் அதிகம் வெட்டியது என்பேன். உடுமலைச் சந்தைக்கும் பழனிக்கும் மறையூர் மக்கள் இன்றும் வந்துபோகிறார்கள். ஆய்வாளரின் வரைபடமோ சின்னாற்றுச் சோதனைச்சாவடியில் நின்றுவிடுகிறது. தமிழக நூல்களில் பழனிமலைத் திட்டைகள் முடியும் இடத்திலிருந்து கேரள நூல்களில் மறையூர்த் திட்டைகள் தொடங்குகின்றன. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்கும் நூல் என் மேசைக்கு இன்னும் வரவில்லை.

இதற்கிடையே கற்கள் குறைந்துகொண்டிருக்கின்றன. பலகைக்கல் வரப்புக்கும் வேலிக்கும் படிக்கட்டுக்கும் உதவும். நிமிர்ந்து நின்ற கல்லொன்றைச் சாய்த்துவிட்டால், மீதமுள்ளவை ஓரிரு மழைக்காலத்தில் தாமே சரியும். கோடைத் தீயில் கல் வெடிக்கிறது. உள்ளே அமர்ந்து படமெடுக்கவும், பெயரைக் கீறிவைக்கவும் வருவோர் தொகை கூடிவிட்டது. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்தி. ஆனால் ஒரு வெல்ல உருண்டை எந்த ஊருக்குரியது என்று உறுதிசெய்ய எடுத்துக்கொண்ட கவனத்தில் பாதியாவது இக்கற்களுக்குக் கிடைத்திருந்தால், எத்தனை திட்டைகள் நின்றன, எத்தனை விழுந்தன என்ற கணக்காவது ஊர்மன்றத்தில் இருந்திருக்கும்.

வேலி போடுவதற்குமுன் செய்யவேண்டியது அளவெடுப்பு. ஒவ்வொரு திட்டையின் நீள அகலம், திறப்பு நோக்கும் திசை, மூடுகல்லின் கனம், அருகில் கல் எடுத்த வடு, அந்தப் பாறைக்கு ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றைப் பதிய ஒரு நாடாவும் திசைகாட்டியும் குறிப்பேடும் போதும். பழனிமலையில் அந்த வேலைக்கு 1928இலேயே ஒரு நூல் கிடைத்துவிட்டது. பாறைப் பெயர்களை அறிந்தவர்கள் மாடு மேய்த்த தலைமுறையினர்; அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.