பருமல் ஏறும் பிள்ளைகள்

குன்னத்தில் நின்றுகொண்டு கப்பலைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் சீமை அது. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே எண்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் போகவேண்டும். ஆனால் 2020-ஆம் ஆண்டில் அவ்வூரில் நீர்நிலையைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று ஊரெங்கும் பேச்சு! பார்வையிட்ட வல்லுநர்களோ அது முட்டையல்ல, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடற்பிராணியைச் சார்ந்த படிவம் என்றார்கள். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரிசலின்மேல் கடல் கிடந்தது. முட்டையைவிட இதுவல்லவா அதிசயம்?

கடல் விலகிப் போயிற்று. அதைத் தேடிக்கொண்டு போன மனிதர்களின் கதைதான் நமக்கு வேண்டியது. குன்னத்துக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்தின்மீது கப்பற்படை அனுப்பினான். ஸ்ரீவிஜயம், மலையூர், இலாமுரி தேசம், நக்கவாரம் என்று வென்ற இடங்களையெல்லாம் அவனுடைய மெய்க்கீர்த்தி அடுக்கிச் சொல்கிறது. பிடிபட்ட அரசன், யானைகள், வாயில் தோரணம் எதையும் விடவில்லை. பாயை விரித்தவன், சுக்கானைப் பிடித்தவன் பெயர் மட்டும் ஒன்றுகூட இல்லை. அரசவைப் புலவரிடம் போய் அதைக் கேட்பது நியாயமுமில்லை.

அந்த மாலுமிகள் யாரிடம் தொழில் கற்றிருப்பார்கள்? தகப்பனிடமும் மாமனிடமும்தான் என்று நான் நினைக்கிறேன். அப்படி நினைக்க ஒரு சாட்சியும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவ்வூர்த் தமிழர்களே அதைச் செலுத்திக்கொண்டு போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிய அவர்களுடைய வித்தை வல்வெட்டித்துறைக் குடும்பங்களின் சொத்து.

பள்ளிக்கூடமாக வந்த கப்பல்கள் வேறு. பம்பாயில் 1927 முதல் ‘டஃப்ரின்’ என்ற பழைய கப்பலில் இந்தியப் பிள்ளைகள் வணிகக் கப்பல் தொழில் பயின்றார்கள். 1972-ல் அதன் இடத்துக்கு வந்த புதுக் கப்பலுக்கு ‘ராஜேந்திரா’ என்றே பெயர் வைத்தார்கள். பெயர் பொருத்தமானதுதான், ஆனால் இரண்டிலும் காற்றை நம்பிப் போகும் வித்தை இல்லை. பாய்மரம் கடற்படையின் வழியாக வந்தது. கோவாவில் கட்டிய ‘தரங்கிணி’ 1997-லும், அதன் தங்கை ‘சுதர்சினி’ 2012-லும் படையில் சேர்ந்தன. 54 மீட்டர் நீளம், மூன்று பாய்மரம், இருபது பாய்கள், ஏழு கிலோமீட்டருக்கு மேல் கயிறு! அந்தக் கயிறுகளில் எது எந்தப் பாயை இழுக்கும் என்பதை அமாவாசை இருட்டில் கை தடவியே அறியவேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு கயிற்றையும் மாறாமல் ஒரே முளையில் கட்டுகிறார்கள்.

கயிற்றைக் கற்றால் போதுமா? மரத்தின்மேல் ஏறவேண்டும். பருமல் என்ற குறுக்கு மரத்தில் வயிறு பதிய, கீழே ஒற்றைக் கயிற்றில் கால் ஊன்றி, காற்றில் படபடக்கும் பாயைச் சுருட்ட வேண்டும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் காலுக்கடியில் தளம் இருக்காது, தண்ணீர்தான். ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு என்று பையன்களுக்குச் சொல்வார்கள். இடுப்பில் பாதுகாப்புக் கச்சை உண்டு என்றாலும் முதல் நாள் ஏறுகிறவனுக்கு அது நினைவில் இருக்குமா என்ன!

இயந்திர யுகத்தில் இது என்ன விபரீதம் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். 1957 செப்டம்பர் 21-ல் ‘பமீர்’ என்ற ஜெர்மானியப் பயிற்சிக் கப்பல் அட்லாண்டிக் சூறாவளியில் மூழ்கியது. மூட்டை கட்டாமல் கொட்டிய பார்லி தானியம் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. 86 பேரில் ஆறு பேரே பிழைத்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் பயிற்சிப் பிள்ளைகள். இருந்தும் அடுத்த ஆண்டே ஜெர்மனியின் கடற்படை புதிய பாய்க்கப்பல் ஒன்றை நீரில் இறக்கியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆயினும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை முகத்தால் அறிந்தவனுக்கும் கண்ணாடி அறைக்குள் கருவியில் பார்த்தவனுக்கும் புயலில் வித்தியாசம் தெரியும் என்று கப்பல்காரர்கள் சொன்னால் மறுக்க எனக்குத் துணிவில்லை. சரக்கை ஏற்றிக்கொண்டு பிள்ளைகளையும் ஏற்றியதுதான் தவறு.

‘சுதர்சினி’ 2012 செப்டம்பரில் கொச்சியிலிருந்து புறப்பட்டு, ஒன்பது தென்கிழக்காசிய நாடுகளுக்குச் சென்று 2013 மார்ச்சில் திரும்பியது. அந்தப் பயணத்தில் போர்ட் கிளாங், புக்கெட் ஆகிய துறைகளையும் தொட்டது. அவ்விரண்டுக்கும் இடையில்தான் கடாரம், இன்றைய கெடா, இருக்கிறது. அந்த மலாக்கா நீரிணையில் காற்று அடிக்கடி படுத்துவிடும். அப்படி நேர்ந்தால் ‘சுதர்சினி’க்கு டீசல் இயந்திரம் இருந்தது. ராஜேந்திரனின் ஆட்கள் பாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இல்லாவிட்டால் துடுப்பைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.