பள்ளிப் பிள்ளைகளும் அரசியல் பிரசாரமும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அரசியல் பிரசாரங்களில் ஈடுபடுத்தலாமா, ஈடுபடுத்தலாகாதா என்னும் கேள்வி நம்மவர்க்குப் புதியதன்று. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் மலேசியக் கல்வி அமைச்சு, பாலஸ்தீன மக்களுக்காகப் பள்ளிகளில் ஒற்றுமை வாரம் ஒன்றை நடத்திற்று. சில பள்ளிகளில் விளையாட்டுத் துப்பாக்கிகள் ஏந்தப்பட்ட காட்சிகள் வெளியில் பரவவே, நாடெங்கும் வாதம் எழுந்தது. காஸாவில் மடியும் குழந்தைகளுக்காக இரங்குதல் மனிதத்தன்மை என்றனர் ஒரு சாரார். இரக்கத்தைக் கற்பிப்பது வேறு, துப்பாக்கியைக் காட்டுவது வேறு என்றனர் மற்றொரு சாரார். அவ்வாதத்தில் வென்றவர் எவர் என்பது இங்கு நமது ஆராய்ச்சியன்று. இதே கேள்வி எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம் தோட்டத்துப் பிள்ளைகளைச் சூழ்ந்து நின்றது. அதற்கு நம் சரித்திரம் தரும் விடை யாது என்று எடுத்துக் காட்டுவதே நமது நோக்கம்.

முதலாவதாக, தோட்டப் பள்ளிக்கூடம் எத்தகையது என்பதைக் கவனிப்போம். 1923-ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் நாடுகளில் நிறைவேறிய தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டத்தில் முதலாளியே பள்ளி ஏற்படுத்த வேண்டுமென்று விதித்தது. நமது பகாங்கும் அந்நாடுகளில் ஒன்றே. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் கேமரன் மலையில் தோன்றியபோது அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது பெயரளவில்தான் இருந்தது. லயத்தின் ஓர் அறையிலோ, ஒரு கொட்டகையிலோ பிள்ளைகளை உட்கார வைத்து, சற்றே எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியையோ கிராணியையோ வாத்தியாராக்கிச் சட்டத்துக்குக் கணக்குக் காட்டினர். கிராணி வர்க்கத்தைச் சேர்ந்த நாம் இதைக் கூசாமல் கூறலாம். கட்டடம் துரையினுடையது, வாத்தியாருக்குச் சம்பளம் துரை கொடுப்பது, பிள்ளையின் தாய் தந்தையர் செய்யும் வேலையும், குடியிருக்கும் லயத்து வீடும் அதே துரையின் கையில். இத்தகைய இடத்தில் வாத்தியார் ஒரு பிள்ளையைப் பார்த்து, “வந்து வரிசையில் நில்” என்று சொன்னால், “நான் வரமாட்டேன்” என்று சொல்ல அப்பிள்ளைக்கு நா எழுமோ? அன்பர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி, 1932-இல் மலாயாவில் பிறந்து, பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்த தமிழ்ப் பையன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் சேர்ந்த பள்ளியில் மே மாதம் 24-ஆம் தேதி பேரரசு தினம். யூனியன் ஜாக் கொடியின் கீழ் நின்று மன்னரை வாழ்த்திப் பாடுவதே கடமை எனப்பட்டது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மீண்டும் திறந்த பள்ளிகளில் ஜப்பானிய மொழியும் பாட்டும் புகுந்தன; தோக்கியோ இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்குவதே கடமையாயிற்று. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார்; மூவர்ணக் கொடி ஏறிற்று, “ஜெய் ஹிந்த்” என்று முழங்குவதே கடமையாயிற்று. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பினர். பழைய கொடியே மறுபடியும் ஏறிற்று. ஆக, மீசை அரும்புமுன்னே அப்பையன் நான்கு முறை வணக்கம் பயின்றான். நான்கு முறையும் அவன் கையைப் பிடித்து உயர்த்தியவர்கள் பெரியவர்கள். நான்கு முறையும், “இதுவே உண்மை, இதுவே உன் கடமை” என்று அவர்கள் ஓதினார்கள். உன் விருப்பம் என்னவென்று அவனைக் கேட்டவர் எவருமிலர்.

இவற்றுள் மூன்றாவதை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமா என்று சிலர் சினங்கொள்ளக்கூடும். அச்சினத்தில் பொருளுண்டு. சுதந்திரச் சங்கத்தார் சிறுவர் சிறுமியருக்கெனப் பாலக் சேனை அமைத்து, அணிவகுப்பும் தேசியப் பாட்டும் கற்பித்தனர். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் அங்குத் துப்பாக்கி ஏந்தியவர்களில் நம் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் பலர். ‘கூலி’ என்ற சொல்லையன்றி வேறு மரியாதை கண்டிராத சமூகம் அன்றுதான் தலை நிமிர்ந்து நின்றது. பதினாறு வயதில் அப்படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், பிற்காலத்தில் ஆசிரியையாகிப் பெண் ஆசிரியர்களின் சங்கத்தை அமைத்துச் சம சம்பளத்துக்காகப் போராடினார். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவின் தோட்டங்களில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. போர்க்காலத்தில் கற்ற கட்டுப்பாடும் துணிவும் அப்படைக்கு ஊட்டமாயின என்பதை மறுப்பார் இல்லை.

ஆயினும் தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதைக்கென நம் தோட்டங்களிலிருந்து பல பதினாயிரம் தமிழர் கொண்டு போகப்பட்டனர். காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் இரையாகித் திரும்பாதவர் மிகப் பலர். அரிசிக்குப் பஞ்சம், துணிக்குப் பஞ்சம். ஆள் பிடிப்புக்கு அஞ்சியும், வயிற்றுக்கு அஞ்சியும் சங்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் உண்டு. வளர்ந்த ஆடவனுக்கே உள்ளத்து விருப்பம் இன்னது, உயிர் அச்சம் இன்னது என்று பிரித்தறிய முடியாத காலத்தில், எட்டு வயதுக் குழந்தை எழுப்பிய முழக்கத்தை அதன் சொந்தக் கொள்கையென்று எப்படிக் கொள்வது? அக்குழந்தைகளின் வீரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்களை அழைத்த பெரியவர்களின் உரிமையைத்தான் ஆராய்கிறோம்.

இவ்விடத்தில் தாய்த் தமிழகத்தைச் சுட்டிக் காட்டி நம்மை மடக்குவோர் இருப்பர். “1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறுவர்களும் புறப்படவில்லையா? பதினான்கு வயதில் திருவாரூரில் ஊர்வலம் நடத்திய மு. கருணாநிதி பின்னர் முதலமைச்சராகவில்லையா?” என்று கேட்பர். நன்றாய்க் கேட்கட்டும். 1938 ஏப்ரலில் ராஜகோபாலாச்சாரியாரின் சர்க்கார் 125 உயர்தரப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. பெரியார் சிறை புகுந்தார். தாயோடு சிறைக்குச் சென்ற குழந்தைகளே 32 பேர். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்தில் உயிரிழந்தனர். 1940 பிப்ரவரியில் ஆணை ரத்தாயிற்று. பின்னர் 1965 ஜனவரியில் மீண்டும் தீ மூண்டபோது முன்னின்றவர்கள் கல்லூரி மாணவர்கள். ஜனவரி 27-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். இரண்டாண்டு கழித்து, 1967 தேர்தலில், மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார்.

இவையெல்லாம் மெய்யே. ஆனால் அம்மாணவர்களைத் தெருவுக்கு அனுப்பியது எந்தப் பள்ளியின் சுற்றறிக்கை? எந்தத் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ஊர்வலத்துக்கு வராதவன் பெயரைக் குறித்துக்கொள்வேன்” என்றார்? அவர்கள் பள்ளியின் ஆணையால் போனவர்களல்லர்; அதை மீறிப் போனவர்கள். 1938-இல் பள்ளிக்கூடத்தின் வழியாகத் தன் கொள்கையைப் பிள்ளைகளின் தலையில் ஏற்ற முயன்றது சர்க்காரே. அதைத் தடுத்து நிறுத்தியதே அப்போராட்டத்தின் பெருமை. கட்டாயத்தை எதிர்த்த அந்த வீரர்களுக்கு மாலையிடும் நாம், நம் கொள்கையை மட்டும் அதே பள்ளியின் வழியாக, அதே பிள்ளைகளின் மேல், அதே கட்டாயத்தோடு ஏற்றலாமோ?

காந்தியார் 1920-இல் ஒத்துழையாமையை அறிவித்தபோது, சர்க்கார் பள்ளிகளை மாணாக்கர் துறக்க வேண்டுமென்பது அவ்வியக்கத்தின் ஓர் அங்கமாயிருந்தது. அவர்பால் பேரன்பு கொண்ட தாகூரோ, சிந்திக்கச் சொல்லாமல் கீழ்ப்படியச் சொல்வது சுயராஜ்யத்துக்கு வழியாகாது என்னும் கருத்துப்பட 1921-இல் வெளிப்படையாக எழுதினார். காந்தியாரும் அதே ஆண்டில் மறுமொழி எழுதினார். இருவரும் ஒருவரையொருவர் வெறுக்காமல் வாதிட்டனர். அந்த வாதத்தை வகுப்பில் வைத்து இரு பக்கமும் பேச வைத்தால், அதைவிடச் சிறந்த அரசியல் கல்வி வேறுண்டோ?

துரை ஆண்ட காலம் போயிற்று. இன்று ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். ஆனால் பிள்ளைக்கு மறுக்க முடியாத நிலை முற்றும் நீங்கிவிட்டதென்று எண்ண வேண்டா. அன்று துரையின் சொல்லுக்கு இருந்த பாரம் இன்று அமைச்சின் சுற்றறிக்கைக்கு இருக்கிறது. நம்மவர் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். பிரமுகர் வருகிறாரென்றால் பாடம் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் மாலையோடு வெயிலில் நிற்கிறார்கள். பிரமுகர் எக்கட்சியினராயினும் வெயில் ஒன்றே.

நம் சொந்த உரிமையே ஆபத்துக்குள்ளானால் என்ன செய்வது? இதுவே கடினமான கேள்வி. 2019-இல் தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் ஜாவி எழுத்துக்கலையைச் சேர்க்கப் போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் பெற்றோர், பள்ளி வாரியத்தார், சங்கத்தார். ஆகஸ்டு மாதத்தில் பாடம் மூன்று பக்கமாகச் சுருங்கிற்று. பெற்றோரின் இசைவைக் கேட்டே கற்பிக்க வேண்டுமென்ற நிலையும் வந்தது. பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பெரியவர்களே செய்தால் காரியம் ஆகும் என்பதற்கு இது சான்று. தமிழ்ப் பள்ளிக்காகப் போராட வேண்டியது தமிழ்ப் பெற்றோரின் கடன். பிள்ளையைக் கேடயமாக முன்னே நிறுத்தி, நாம் பின்னே நிற்பது தமிழுக்கும் பெருமையன்று.

அப்படியானால் அரசியல் வாடையே பள்ளியில் வீசலாகாதா? அதுவும் மடமையே. 2021 டிசம்பர் முதல் இந்நாட்டில் பதினெட்டு வயதிலேயே வாக்குரிமை கிடைத்திருக்கிறது. ஆறாம் படிவத்து மாணாக்கர் சிலர் வாக்காளராகவே வகுப்பில் அமர்கின்றனர். நம் கேமரன் மலைத் தொகுதியையே பாடமாக எடுத்துக்கொள்வோம். 2018 மே மாதத் தேர்தலின் முடிவை, வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்டதென்ற காரணத்தால் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் ரத்துச் செய்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமது நோர் வென்று, பூர்வகுடி மக்களிலிருந்து நாடாளுமன்றத்தின் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வரானார். வாக்கை விற்றால் என்ன ஆகும், நீதிமன்றம் எவ்வாறு விசாரிக்கும், சிறு சமூகமொன்று எவ்வாறு குரல் பெறும் என்பதையெல்லாம் ஆசிரியர் இதைக் கொண்டே விளக்கலாம். இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று பிள்ளையின் பையில் துண்டுத்தாள் வைத்தனுப்புவது மட்டும் ஆகாது.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் பள்ளி வாரியத்தாரும் எந்த அழைப்பு வந்தாலும், அது அரசாங்கத்தினுடையதாயினும் நம்மவருடையதாயினும், இரண்டு கேள்விகளைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். வர விரும்பாத பிள்ளை ஒரு கடுஞ்சொல்லும் கேளாமல் வகுப்பில் இருக்க முடியுமா? மாற்றுக் கருத்தையும் அப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார்களா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் அது கல்வி. கிடைக்காவிடில் அது வேறொருவர் கொடிக்குப் பிடிக்கப்பட்ட ஆள். நம் பாட்டனார் காலத்தில் ஆள் பிடித்தவர்களை நாம் இன்னும் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் வாயிலில் அத்தொழில் மறுபடியும் நடைபெற நாம் இடங்கொடுக்கலாகாது.